இருட்குகையில் ஒரு கடிகாரம்

கல்வராயன் மலையடிவாரத்தில் வடக்கனந்தல் என்னும் ஊர் அமைந்துள்ளது. மாலை வேளையில் கதிரவன் மலைக்குப் பின்னே இறங்குங்கால் அவ்வூரின் புளிய மரங்களைப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். பகலெல்லாம் விரிந்திருந்த சிற்றிலைகள் இரண்டிரண்டாகக் கூம்பத் தொடங்கும். கோழிகள் கூட்டை நாடும். முல்லை மொட்டுகள் கட்டவிழும். அதுகாறும் இருளில் தொங்கிக்கொண்டிருந்த வௌவால்கள் இரைதேடிப் புறப்படும். இவற்றுக்கெல்லாம் மாலை வந்துவிட்டது என்று அறிவித்தவர் யார்? மங்கும் ஒளியைக் கண்டு அவை அறிந்துகொள்கின்றன என்று நாம் எளிதில் விடை கூறிவிடலாம். ஆயின், பகலிலும் ஒளி புகாத குகையின் ஆழத்தில் வாழும் வௌவால், வெளியே கதிரவன் மறைந்ததை எவ்வாறு அறியும்?

இவ்வினாவுக்கு விடைதேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பேராசிரியர் மரோலி கிருஷ்ணய்யா சந்திரசேகரன். உயிர்களின் உள்ளே இயங்கும் கடிகாரத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இந்தியாவில் வழிவகுத்த முன்னோடிகளுள் தலைசிறந்தவர் அவர். அவருடைய ஆய்வுக்கூடத்தின் சிறந்த பகுதி பளிங்குத் தரையும் கண்ணாடிக் குப்பிகளும் உடையதன்று. மதுரைக்கு அருகிலுள்ள ஒரு மலைக்குகையே ஆகும்.

சந்திரசேகரன் 1937ஆம் ஆண்டில் பிறந்தார். விலங்கியலைத் தம் துறையாகக் கொண்ட அவர், இளமையில் ஆராய்ச்சிக்குத் தேர்ந்துகொண்ட உயிர் மிகச் சிறியது. கடற்கரையில் அலை வந்து மோதித் திரும்பும் ஈர மணலில், புதைவதும் வெளிப்படுவதுமாக வாழும் சிறு நண்டினம் ஒன்று உண்டு. சிறுவர்கள் மணலைக் கைகளால் அள்ளி அதனைப் பிடித்து விளையாடுவர். கடலில் ஓதம் ஏறுவதும் வற்றுவதும் ஏறத்தாழப் பன்னிரண்டரை மணிக்கு ஒரு முறை நிகழ்வன. அந்நண்டுகளை ஆய்வுக்கூடத்துக்குக் கொணர்ந்து, ஓதமும் அலையும் இல்லாத நீரில் விட்டு, அவற்றின் இயக்கத்தையும் அவை உட்கொள்ளும் உயிர்வளியின் அளவையும் சந்திரசேகரன் கணக்கிட்டார். கடலைப் பிரிந்த பின்னும் அவை ஓதத்தின் ஒழுங்கை மறக்கவில்லை. கடல் பொங்கும் வேளையில் தாமும் சுறுசுறுப்புற்று, அது தணியும் வேளையில் தாமும் தணிந்தன. இவ்வாராய்ச்சியின் முடிவுகள் 1965ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிவியல் இதழொன்றில் வெளியாயின.

அக்காலத்தில் உயிர்க் கடிகாரம் என்னும் கருத்தை எல்லா விஞ்ஞானிகளும் ஒப்புக்கொள்ளவில்லை. உயிரினுள்ளே கடிகாரம் ஏதுமில்லை. நிலவுலகின் காந்தவிசை போன்ற, நம் புலன்களுக்கு எட்டாத புற ஆற்றல்களே அவற்றுக்கு நேரத்தை உணர்த்துகின்றன என்று அமெரிக்க அறிஞர் பிராங்க் பிரவுன் வாதிட்டு வந்தார். கடிகாரம் உள்ளேயே இருக்கிறது என்று மறுதரப்பில் நின்றவர்களுள் ஒருவர் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக் கழகத்துத் தாவரவியற் பேராசிரியர் எர்வின் பியூனிங். இந்தப் பெரியவரிடம் பயிலும் வாய்ப்பு இளைஞர் சந்திரசேகரனுக்குக் கிட்டியது.

பியூனிங்கின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை இங்கே அறிந்துகொள்வது பொருத்தம். அவரை மாணவர் மறவாதிருந்ததற்கும் அதுவே ஒரு காரணமாகலாம். அவரைச் செடியின் இலைகள் பகலில் உயர்ந்தும் இரவில் தாழ்ந்தும் அசைவன. அச்செடியை முழு இருட்டறையில் வைத்தாலும் அசைவு நிற்பதில்லை. 1920களின் இறுதியில் பிராங்க்பர்ட் நகரில் பியூனிங்கும் அவருடைய தோழர் ஸ்டெர்ன் என்பவரும் இதனை ஆராய்ந்தனர். இருட்டறையில் இருந்த செடிகளின் இலைகள் நாள்தோறும் ஒரு குறித்த வேளையிலேயே தாழ்ந்தன. புறத்தேயிருந்து ஏதோ ஓர் ஆற்றல் அவற்றுக்கு நேரம் சொல்கிறது என்றே முதலில் தோன்றியது. பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. செடிகளுக்கு நீர் ஊற்றச் செல்பவர் நாள்தோறும் ஒரே வேளையில் மங்கிய சிவப்பு விளக்கோடு உள்ளே நுழைவது வழக்கம். சிவப்பொளி செடியைத் தாக்காது என்பது அன்றைய நம்பிக்கை. அந்தச் சிறு வெளிச்சமே செடியின் கடிகாரத்தை நாள்தோறும் திருத்திக்கொண்டிருந்தது! ஸ்டெர்னின் வீட்டில் உருளைக்கிழங்கு சேமிக்கும் நிலவறைக்குச் செடிகளை மாற்றி, அவ்விளக்கின் குறுக்கீட்டை விலக்கியபின், இலைகளின் ஒரு நாள் 24 மணியினின்று நீண்டு, 25 மணிக்கும் சற்று மிகுந்து நின்றது. புறத்தே உள்ள எவ்வாற்றலுக்கும் 25 மணி நாள் என்பது இல்லை. எனவே, கடிகாரம் செடியினுள்ளேயே இருந்தது. அது தனித்து விடப்படின் சற்றே பிசகி ஓடும். ஒளி அதனைத் தொட்டுத் திருத்தும். எத்துணைச் சிறிய ஒளி அதற்குப் போதும் என்னும் வினா, பின்னாளில் சந்திரசேகரனின் ஆராய்ச்சியிலும் மீண்டும் மீண்டும் எழுந்தது.

டூபிங்கனிலும், பின்னர் அமெரிக்காவின் பெர்க்கிலி நகரிலும் அவர் பழ ஈக்களை ஆராய்ந்தார். இவ்வீக்கள் கூட்டுப்புழுவின் உறையைக் கிழித்து வெளிவருவது பெரும்பாலும் விடியற்காலையில்தான். இருளில் வைக்கப்பட்ட கூட்டுப்புழுக்களின்மீது குறித்த ஒரு வேளையில் சிறிது நேரம் ஒளியைப் பாய்ச்சி, ஈக்கள் வெளிவரும் வேளை எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார். முன்னிரவில் ஒளி பட்டால், பகல் இன்னும் முடியவில்லை போலும் என்று கொண்டு, அக்கடிகாரம் பின்னுக்குச் செல்லும். பின்னிரவில் அதே ஒளி பட்டால், விடிந்துவிட்டது என்று கொண்டு முன்னுக்கு நகரும். நடுப்பகலுக்குரிய வேளையில் பட்டாலோ, பெரும்பாலும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஒரே விளக்கு, ஒரே அளவு வெளிச்சம். பட்ட வேளையைப் பொறுத்து விளைவு வேறாகிறது. ஈக்கு மட்டுமன்றி மனிதனுக்கும் இந்நியதி பொருந்தும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அயல்நாட்டிலேயே அவர் தங்கியிருந்திருக்கலாம். 1970களில் தாயகம் திரும்பி மதுரைப் பல்கலைக் கழகத்தில் பணியேற்றார். 1978ஆம் ஆண்டுமுதல் காமராசர் பெயரைத் தாங்கி நிற்கும் அப்பல்கலைக் கழகத்தில் விலங்கு நடத்தையை ஆராய்வதற்கென ஒரு துறையை அமைத்தார். விலையுயர்ந்த கருவிகள் அங்கே மிகுதியாக இல்லை. ஆனால், ஐரோப்பாவின் ஆய்வுக்கூடங்களுக்கு இல்லாத செல்வம் ஒன்று அருகிலேயே இருந்தது. கீழக்குயில்குடியை ஒட்டிய சமணர் மலைக் குகைகளே அச்செல்வம். பண்டைச் சமண முனிவர்கள் தங்கித் தவம் புரிந்த அம்மலைப் பகுதியின் குகைகளில் இலைமூக்கு வௌவால்கள் கூட்டமாக வாழ்ந்தன. குகையின் உட்பகுதியில் பகலும் இரவும் ஒன்றே. வெப்பமும் ஏறத்தாழ மாறுவதில்லை. பொருட்செலவு செய்து கட்டவேண்டிய ஆய்வறையை இயற்கையே கட்டித் தந்திருந்தது.

சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் ஒரு வௌவாலைக் கூண்டில் இட்டுக் குகையின் ஆழத்தில் வைத்தனர். அது அசையும் வேளைகள் கருவியில் பதிவாயின. கூண்டிலுள்ள வௌவால் வெளியே செல்ல இயலாது. ஒளியைக் காண இயலாது. ஆயினும், நாள்தோறும் மாலையில் தன் இனத்தார் வெளியே பறக்கப் புறப்படும் வேளையில் அதுவும் விழித்துச் சிறகடித்தது. பின்னர், இனத்தார் எவரும் இல்லாத வேறொரு குகையில் அத்தகைய கூண்டை வைத்தனர். அங்கே அந்த வௌவால் விழிக்கும் வேளை, திருத்துவாரின்றி ஓடும் கடிகாரத்தைப் போல, நாளுக்கு நாள் விலகிக்கொண்டே சென்றது. கூட்டத்தின் ஆரவாரமே இருளில் கிடந்த வௌவாலுக்கு மாலையை அறிவித்த மணியோசை என்பது இவ்வாறு புலனாயிற்று. இந்த ஆராய்ச்சி 1981ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதனினும் வியப்பு ஒன்று உண்டு. வேறு இனத்து வௌவாலை அதே குகையில் கூண்டிலிட்டபொழுது, அது அந்த ஆரவாரத்தைச் சிறிதும் மதிக்கவில்லை! தன் இனத்தின் குரலே அதற்கு மணியாகும் போலும்.

1985ஆம் ஆண்டில், தாய் எலியைப் பற்றிய அவர்களுடைய ஆராய்ச்சி உலகப் புகழ்பெற்ற நேச்சர் இதழில் இடம்பெற்றது. கண் திறவாத குஞ்சுகளை ஒளி மாறாத இடத்தில் வைத்துத் தாயை நாள்தோறும் குறித்த மணி நேரம் உடனிருக்கச் செய்து, பின் பிரித்தனர். தாயின் வரவையும் பிரிவையும் கொண்டே குஞ்சுகள் தம் கடிகாரத்தை அமைத்துக்கொண்டன.

இனி, ஒளிக்கு வருவோம். மாலையில் வௌவால்கள் குகைவாயில் அருகே பறந்து வந்து, வெளிச்சம் எவ்வளவு எனப் பார்த்து மீளும். எவ்வளவு ஒளி அவற்றின் கடிகாரத்தைத் திருத்தப் போதும்? விண்மீன்களின் ஒளியினும் மங்கியதோர் ஒளியே போதும் என்று 1982ஆம் ஆண்டில் மதுரை ஆராய்ச்சியாளர் கண்டனர். அடுத்து, எவ்வளவு நேரம் வேண்டும் என்று வினவினர். ஒரு நொடியை இரண்டாயிரம் கூறாக்கி, அவற்றுள் ஒரு கூறளவே நீடிக்கும் பளிச்சென்ற ஒளியும் கடிகாரத்தை நகர்த்தியது. புகைப்படம் எடுப்போர் மின்வெட்டொளியை நினைவுகூர்ந்தால் இதன் சிறுமை விளங்கும். பின்னர் ஒளியின் நிறத்தை மாற்றி மாற்றி ஆராய்ந்தபொழுது, நீலத்தை ஒட்டிய நிறமும் பச்சை நிறமும் கடிகாரத்தை மிகுதியாகத் தாக்கின. ஆகவே, கண்ணின் விழித்திரையில் இப்பணிக்கென ஒன்றுக்கு மேற்பட்ட ஒளிவாங்கிகள் இருத்தல் வேண்டும் என்று கருதப்பட்டது.

மனிதரையும் அவர்கள் விட்டுவிடவில்லை. சாளரமும் கடிகாரமும் வானொலியும் செய்தித்தாளும் இல்லாத தனியறை ஒன்றைப் பல்கலைக் கழகத்தில் அமைத்தனர். தன்னார்வமுடையோர் அதனுள் பல நாள் தங்கினர். பசித்தபொழுது உண்டு, உறக்கம் வந்தபொழுது உறங்கினர். அவர்களுடைய நாள் 24 மணியினின்று விலகியது. நெடுநாள் தங்கியவர்களுள் சிலருக்கு, உறங்கி விழிக்கும் ஒழுங்கு ஒரு வழியிலும் உடல் வெப்பம் ஏறித் தாழும் ஒழுங்கு மற்றொரு வழியிலுமாகப் பிரிந்தன. உடலினுள் இருப்பது ஒரு கடிகாரம் மட்டுமன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

அப்படியாயின் இவை அனைத்தையும் ஒன்றுபடுத்துவது எது? 1972ஆம் ஆண்டில் எலிகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள், தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில் இருப்பதைக் கண்டனர். இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மனிதரில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களைக் கொண்டு அஃது அமைந்துள்ளது. கண்ணின் வழியே வரும் ஒளிச்செய்தி அதனைத் திருத்துகிறது; அது ஈரலையும் கணையத்தையும் குருதிக்குழாய்களையும் பிற உறுப்புகளையும் வழிநடத்துகிறது. 2002ஆம் ஆண்டில் மற்றொரு செய்தி வெளியாயிற்று. நாம் காண்பதற்கு உதவும் ஒளிவாங்கிகளேயன்றி, ஒளியை நேரே உணர்ந்து மூளையின் கடிகாரத்துக்கு அறிவிக்கும் வேறுவகை நரம்பணுக்களும் விழித்திரையில் உள்ளன. பார்வையை முற்றும் இழந்தவர்களிலும் இவ்வணுக்கள் பிழைத்திருப்பின் உடலுக்குப் பகலும் இரவும் தெரியும். ஆகவே, கண்ணுக்குத் தொழில் இரண்டு: உலகைக் காட்டுதல் ஒன்று, நேரத்தை உணர்த்துதல் மற்றொன்று.

இவ்வுண்மையின் அருமை, கண் நோயுறும்பொழுதுதான் நன்கு விளங்குகிறது. சந்திரசேகரன் கண் மருத்துவர் அல்லர். நீரிழிவை அவர் ஆராயவுமில்லை. எனினும், உயிர்க் கடிகாரத்தை ஆராய்ந்தோர் சென்ற பாதையும் நீரிழிவால் கெடும் கண்ணை ஆராய்ந்தோர் சென்ற பாதையும் நம் காலத்தில் ஓரிடத்தில் வந்து கூடியுள்ளன. அவர் வௌவால்களைப் பின்தொடர்ந்த அதே மதுரையில்தான் 1976ஆம் ஆண்டில், மருத்துவர் வேங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

நீரிழிவு உற்றவரின் குருதியில் சர்க்கரை மிகுந்து நிற்பதால் விழித்திரையின் நுண்ணிய குருதிக்குழாய்கள் நலிவடைகின்றன. சில புடைக்கும்; சில கசியும்; சில அடைபடும். குருதி கிட்டாத இடங்களில் புதிய குழாய்கள் முளைக்கும். அவை வலுவற்றவை, எளிதில் உடைந்து கண்ணினுள் குருதியைக் கொட்டும். இவையெல்லாம் வலியின்றி நிகழ்வன. பார்வை நன்றாகவே இருக்கிறது என்று நோயாளி எண்ணியிருக்கும்பொழுதே உள்ளே கேடு வளர்ந்துவிடும். 2023ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆராய்ச்சி, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உற்றிருப்பதாகக் கணக்கிட்டது. எனவே, இது யாரோ சிலருக்கு வரும் துன்பமன்று.

இந்நோயில் காட்சிக்குரிய அணுக்கள் மட்டும் கெடுவதில்லை. நேரத்தை உணர்த்தும் அணுக்களும் நலிகின்றன. அவை நலிந்தோரின் கண்மணி, ஒளி பட்டால் முன்போல் சுருங்கி நிற்பதில்லை. நோய் முற்றியவர்களுள், இரவு வந்ததை உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு குறைந்திருப்பதையும் மருத்துவர்கள் கண்டுள்ளனர். உறக்கம் குலைகிறது. விண்மீன் ஒளியினும் மங்கிய ஒளியே போதுமானதாயிருந்த அந்த வௌவாலை எண்ணிப் பாருங்கள். நண்பகலின் பேரொளியும் போதாமல் திகைக்கும் மனிதக் கண்ணை அதன் அருகே வைத்துப் பாருங்கள்!

இதன் மறுபக்கமும் உண்டு. கண் கெட்டால் கடிகாரம் குலையும். கடிகாரம் குலைந்தால் கண்ணுக்கும் தீங்கு நேருமோ என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர். சிதைந்த குருதிக்குழாய்களைச் செப்பனிடும் அணுக்களை எலும்பின் சோறு ஒரு நாளின் குறித்த வேளைகளில் மிகுதியாக வெளிவிடும். நீரிழிவுற்ற எலிகளில் இவ்வொழுங்கு மறைந்தது, விழித்திரையும் சிதைந்தது. கடிகாரத்துக்குரிய மரபணு ஒன்று பழுதுற்ற சுண்டெலிகளிலோ, நீரிழிவே இல்லாதபொழுதும் விழித்திரையின் குழாய்கள் நீரிழிவு நோயாளியின் குழாய்களைப்போல் மாறின. மேலும், இருளில் விழித்திரை பகலைக் காட்டிலும் மிகுதியான உயிர்வளியைச் செலவிடுகிறது. ஆதலால், குழாய் அடைபட்ட கண்ணுக்கு இரவும் ஓய்வுக் காலம் அன்று எனச் சில அறிஞர் கருதுவர். எலிகளில் கண்டவை அனைத்தும் மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது இன்னும் ஆராயப்பட வேண்டியதே.

வடக்கனந்தலைச் சூழ்ந்த நாட்டில் கரும்பு விளைகிறது. அரவைக் காலத்தில் சர்க்கரை ஆலைகள் இரவிலும் ஓடும். இரவு முறைக்குச் செல்லும் தொழிலாளர் நள்ளிரவில் விளக்கொளியில் உண்டு, பகலில் உறங்குவர். மருத்துவமனைத் தாதியரும் காவலரும் பேருந்து ஓட்டுவோரும் அத்தகையோரே. நள்ளிரவில் கணையமும் ஈரலும் ஓய்வுக்கு ஆயத்தமாகும் வேளையில் உணவு வந்து சேர்வதால், அதிலுள்ள சர்க்கரையை உடல் பகலிற்போல் திறம்படக் கையாள்வதில்லை. நெடுங்காலம் இரவில் பணி செய்வோரிடையே நீரிழிவு சற்று மிகுதியாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. முன்னிரவில் பட்ட சிறு ஒளி பழ ஈயின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதை முன்னர்க் கண்டோம். படுக்கையில் கைப்பேசித் திரையை நோக்கியிருக்கும் மாணவனின் கண்ணிலும் அவ்வாறே ஒளி புகுகிறது. கண்ணை ஆண்டுக்கு ஒரு முறையேனும் மருத்துவரிடம் காட்டி, விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுமாறு நீரிழிவு உற்றோர்க்கு மருத்துவர் கூறுவதும், வலி தோன்றுமுன்பே கேட்டைக் கண்டு தடுப்பதற்கேயாகும்.

சந்திரசேகரன் தம் பிற்காலத்தில் பெங்களூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றினார். உயிருலகில் காலம் இயங்கும் விதத்தைப் பொதுமக்களும் அறியும் வண்ணம் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். 2006ஆம் ஆண்டில், தம் ஆசிரியர் பியூனிங் பிறந்து நூறாண்டு நிறைவுற்றபொழுது, அவருடைய வாழ்வையும் ஆராய்ச்சியையும் போற்றி நீண்ட கட்டுரை ஒன்று வரைந்தார். அப்பொழுது மாணவருக்கு வயது ஏறத்தாழ எழுபது. பியூனிங் மறைந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

2009ஆம் ஆண்டில் சந்திரசேகரன் காலமானார். அதன்பின் எட்டு ஆண்டுகள் கழிந்து, 2017ஆம் ஆண்டில், உயிர்க் கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர்கள் ஆராய்ந்த உயிரும், இளமையில் சந்திரசேகரன் இருட்டறையில் விடியலுக்காகக் காத்திருந்து எண்ணிய அதே பழ ஈயின் குலத்தைச் சேர்ந்ததே.